இருபது விநாடிச் சித்தப்பா

வீட்டில் ஓயாமல் பேசுகிற மனிதர் பேச்சை நிறுத்திவிட்டால் முதல் இரண்டு நாள் நிம்மதியாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் ஏதோ சரியில்லை என்று தோன்றும். சித்திக்கு அது உறைக்கவே பதினேழு நாள் ஆயிற்று. அவள் வேலை அப்படிப்பட்ட வேலை.

சித்தி என்றால் யாருக்குச் சித்தி என்று கேட்கக் கூடாது. முறைப்படி பார்த்தால் அக்கா மகன் ஒருவனுக்குத்தான் அவள் சித்தி. அவன் ஆன்லைனில் ஒரு கடை நடத்துகிறான். டப்பா, கால்மிதி, துணி மாட்டும் கிளிப், செருப்பு அடுக்கும் ஸ்டாண்டு என்று வீட்டுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள். அந்தக் கடையில் பார்சல் கட்டுகிற பெண்களுக்கெல்லாம் அவள் சித்தி. பார்சல் எடுக்க வண்டி கொண்டுவருகிறவர் அவளைவிட நாலு வயது மூத்தவர். அவரும் வாசலில் நின்று, "சித்தி, எத்தன பெட்டி?" என்றுதான் கேட்பார். ஆகவே அவள் வீட்டுக்காரர் உலகத்துக்கே சித்தப்பா.

கடைக்குச் சித்தி செய்வது வீடியோ. இருபது விநாடி வீடியோ ஒன்று, அதன் கீழே இரண்டு வரி. பார்க்கிறவர்களின் கட்டைவிரல் அடுத்ததற்குத் தாவுவதற்குள் பிடித்து நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதாது. பார்த்து முடித்ததும், "ஏய், இது நம்ம வீட்டுக் கதைதான்டி" என்று தங்கைக்கோ நாத்தனாருக்கோ அனுப்பி வைக்க வேண்டும். அனுப்பினால்தான் சரக்கு நகரும். சும்மா பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்களால் கடைக்கு என்ன பிரயோஜனம்?

இதைப் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் அறை போட்டு யோசிக்கிறார்களாம். சித்தி யோசித்ததே இல்லை. வீட்டில் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்கி, ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்துவிடுவாள். யார் சொன்னது, எப்போது சொன்னது, எதற்குச் சொன்னது, ஒன்றும் கிடையாது. சொன்ன வரி மட்டும். ஒரு சாமான் வந்து இறங்கியதும் நோட்டைப் புரட்டுவாள், பொருந்துகிற வரி ஒன்று கண்ணில் படும், சமையலறை மேசையில் சர்க்கரை டின்னுக்குச் சாய்வாக ஃபோனை நிறுத்தித் தன் இரண்டு கையை மட்டும் படம் எடுப்பாள். முகம் கிடையாது. கை, சாமான், பேச்சு. அவ்வளவுதான்.

அந்தப் பேச்சில் முக்கால்வாசி சித்தப்பாவுடையது.

இது ஆரம்பித்த கதையைச் சொன்னால் சிரிப்பு வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால் கடை என்பது அக்கா மகன் குடியிருந்த இரண்டு அறைதான். ஓர் அறையில் அவன் படுப்பான், மற்றதில் டப்பா படுக்கும். ஆட்களும் மூன்றே பேர். அவன், பார்சல் கட்ட ஒரு பெண், சித்தி. மூடி போட்ட டப்பா நானூறு வாங்கி அடுக்கியிருந்தான், ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. வீடியோவில் பாட்டுப் போட்டான், டப்பாவைச் சுற்ற விட்டான், நட்சத்திரம் பறக்க விட்டான். ஊஹூம். "சித்தி, உங்க வீட்டு வெளிச்சம் நல்லா இருக்கு, நீங்க ஒண்ணு எடுத்துப் பாருங்க" என்று ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பினான்.

அவள் மேசையில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் சித்தப்பா பாத்திர அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். படம் எடுப்பது அவருக்குத் தெரியாது. "இந்த வீட்ல டப்பா இருக்கு, மூடியும் இருக்கு. ஆனா இந்த டப்பாவுக்கு இந்த மூடின்னு ஒரு கல்யாணம் நடந்ததே இல்ல! எல்லாம் தனித்தனியா சுத்திட்டுத் திரியுது!" என்று ஒரு கத்து. சித்தியின் கை அப்படியே நிற்கிறது. அப்புறம் மெதுவாக மூடியை எடுத்து டப்பாவின் மேல் வைத்து ஒரு தட்டு தட்டுகிறாள். 'டொக்'. வீடியோ முடிந்தது. அந்தச் சத்தத்தோடு வேண்டாம் என்று வேறொன்றும் எடுத்தாள், அனுப்பும்போது இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. அக்கா மகன் கைதவறி முதலாவதைப் போட்டுவிட்டான். நானூறு டப்பாவும் நாலு நாளில் காலி.

அதோடு சித்தப்பா, மூடிச் சித்தப்பா ஆகிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பஸ்ஸில் ஏறி வாயைத் திறந்தால் போதும், குரலை வைத்தே நடத்துநர், "மூடி கெடச்சுதா சித்தப்பா?" என்பார். முடிவெட்டுகிற இடத்தில், மருந்துக் கடையில், எங்கே போனாலும் இதே கேள்வி. அவருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். வெளியே மட்டும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார். சாயங்கால டீக்கு உட்காரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, "இத எழுதிக்கோ, நல்லா வரும்" என்று யோசித்து வைத்த வரி ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவார். சித்தி உதட்டைப் பிதுக்குவாள்.

"நீங்க யோசிச்சுச் சொன்னா செத்துப் போயிடுதுங்க. தானா வரணும்."

"அப்ப நான் வாயத் தொறந்தா சரக்கு, யோசிச்சா குப்பையா?"

"பாத்தீங்களா, இது தானா வந்துச்சு" என்று அவள் நோட்டை எடுக்க எழுவாள். அவர் சிரித்துச் சிரித்து டீயைச் சிந்துவார். நாலைந்து வருஷம் அப்படித்தான் போயிற்று. நல்ல வருஷங்கள்.

உண்மையில் இவர் வழவழவென்று பேசுவதும் அவள் நறுக்குவதும் டப்பாவோடு வந்த பழக்கம் இல்லை. கல்யாணத்துக்கு முந்தைய பழக்கம்.

சித்தி ஒரு தினசரிப் பத்திரிகையின் வரி விளம்பரக் கவுன்ட்டரில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள். இருபது வார்த்தைக்குள் விளம்பரம். வீடு வாடகைக்கு, பழைய சைக்கிள் விற்பனைக்கு, பூனைக்குட்டி இலவசம். எழுதிக்கொண்டு வருகிறவர்கள் ஊர்க்கதை உலகக்கதையெல்லாம் எழுதிக்கொண்டு வருவார்கள். சிவப்புப் பேனாவால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று வெட்டித் தள்ளுவாள். அதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஆசிரியர் குழுவிலிருந்தே தலைப்பு நீளமாகிவிட்டால் மாடியிலிருந்து இறங்கி வருவார்கள்.

ஒரு நாள் மதியம் நெட்டையாக ஓர் ஆள் வந்து நின்றார். தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையாம். பஸ்ஸில் யாரோ விட்டுப்போன மூக்குக்கண்ணாடி கிடைத்ததாம், உரியவரிடம் சேர்க்க வேண்டுமாம். நீட்டிய காகிதத்தில் ஒன்றரைப் பக்கம். பஸ் எங்கே திரும்பியது, மழை எப்போது பிடித்தது, அந்தக் கண்ணாடியை அவர் போட்டுப் பார்த்தபோது எதிர் சீட்டில் இருந்த குழந்தை எப்படிச் சிரித்தது, எல்லாம் இருந்தது. அவள் ஆறே வார்த்தையில் முடித்துத் திருப்பித் தந்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, "குழந்தை சிரிச்சதே வரலையே?" என்றார்.

"அது எதுக்குங்க? கண்ணாடிக்காரர் வந்து வாங்கிட்டுப் போறதுக்கு இது போதும்."

"அவரு வருவாரு. ஆனா நடந்தது யாருக்கும் தெரியாமப் போயிடுமே."

வரிசையில் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். அவர் ஒதுங்கி நின்று கவுன்ட்டர் மூடும்வரை காத்திருந்தார். மூடியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஆறு மாதத்தில் கல்யாணம்.

முதல் வீடு ஒரு சலவைக்கடையின் மாடி அறை. கீழே இஸ்திரி போடுகிற சூடு தரை வழியாக ஏறி வரும், குளிர் நாளில் அதுவே சுகம். நாற்காலி ஒன்றுதான். அவர் அதில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே அன்றைக்குப் பார்த்த வாசல்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒரு வீட்டு நாய்க்கு மனிதர்கள் மேல் கோபமில்லை, ஷூ நாடா மேல்தான் கோபம். ஓர் அம்மாள் தன் மீட்டர் பின்பக்கமாக ஓடுகிறது என்று சாதித்து, அவரைக் கால்மணி நேரம் முழங்காலில் உட்கார்த்தி வைத்தாள். ஒரு பெரியவர், மீட்டரைப் பார்க்க வந்தவரை உள்ளே கூப்பிட்டுத் தன் கல்யாணப் படத்தைக் காட்டினார். ஒவ்வொன்றும் கிளைவிட்டுக் கிளைவிட்டுப் போகும். சித்தி கட்டிலில் காலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். பகலெல்லாம் வெட்டின கை, வீட்டில் சும்மா மடியில் கிடக்கும். அன்றைக்கு அந்த அறையில் ஒரு நோட்டும் கிடையாது. அவர் சொன்னதில் பாதி இன்று அவளுக்கு நினைவில்லை. சொன்ன குரலும் கீழிருந்து வந்த அந்தச் சூடும் மட்டும் அப்படியே இருக்கின்றன. காலம் போகிற வேகத்தைப் பாருங்கள், அந்த அறையில் பிறந்த மகள் இப்போது வேறோர் ஊரில் இரண்டு பிள்ளைக்குத் தாய்.

சரி, நடந்ததுக்கு வருவோம்.

இந்த வருஷம் ஒரு மடக்கு முக்காலி வந்தது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது 'டக்'கென்று விரித்து ஏறி நிற்கலாம். சித்தி குள்ளம். அவளுக்கே பிடித்துவிட்டது. நோட்டைப் புரட்டினாள். தேடவே வேண்டாமல் ஒரு வரி துள்ளிக்கொண்டு வந்து விழுந்தது. 'வரலன்னா மேல் தட்டு டப்பாவை யார் எடுத்துக் குடுப்பா உனக்கு?'

ஆஹா, முக்காலிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி! சித்தப்பா அந்த நேரம் வெளியே போயிருந்தார். காத்திருப்பானேன் என்று அவள் குரலிலேயே எடுத்துவிட்டாள். இரண்டு கை மேல் தட்டுக்கு எம்புகிறது, எட்டவில்லை. "அவர் வரலன்னா மேல் தட்டு டப்பாவை யார் எடுத்துக் குடுப்பா?" என்று ஓர் ஏக்கக் குரல். அடுத்த விநாடி முக்காலி 'டக்'. கை டப்பாவை லாவகமாக எடுக்கிறது. "இனிமே யாரு வேணும்?" என்று ஒரு சிரிப்பு. பதினெட்டே விநாடி.

அடேயப்பா! கடை தொடங்கின நாளிலிருந்து எதுவும் அப்படிப் போனதில்லை. மனைவிகள் கணவர்களுக்கு அனுப்பினார்கள். கணவர்கள் நண்பர்களுக்கு அனுப்பி, "நம்ம பொழப்பப் பாத்தியா" என்றார்கள். மூன்றாம் நாள் அக்கா மகன் ஓடி வந்து சித்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். முக்காலி தீர்ந்து, மறுபடி வரவழைத்து, அதுவும் தீர்ந்தது.

வீடியோ போட்ட அன்றே சாயங்காலம் சித்தப்பா சைக்கிள் கடையிலிருந்து வந்தார். தெருமுனையில் சைக்கிள் பழுது பார்க்கிறவர் அவருடைய சேக்காளி, அங்கேதான் தினமும் போய் உட்காருவார். "சைக்கிள்காரன் எனக்கு அனுப்பியிருந்தான். பாத்தேன்" என்றார். "நல்லா வந்திருக்கில்ல?" என்றாள் சித்தி. "ம்" என்றார்.

அந்த 'ம்'தான் ஆரம்பம். அதற்குப் பிறகு 'ம்', 'சரி', 'வேணாம்', 'போட்டாச்சு'. சாப்பாடு எப்படி என்றால் "ம்". மகள் ஃபோன் பண்ணினாள் என்றால் "சரி". அக்கா மகனின் பாராட்டு மழையில் நனைந்துகொண்டிருந்த சித்திக்கு ஒன்றும் தெரியவில்லை. நோட்டில் புதிதாக ஒரு வரிகூடச் சேரவில்லை என்று பதினேழாம் நாள் கவனித்தபோதுதான் வீடு எவ்வளவு அமைதியாகக் கிடக்கிறது என்பதே காதில் விழுந்தது. வெட்கக்கேடு, புருஷன் பேசவில்லை என்பதை நோட்டைப் பார்த்தா ஒருத்தி தெரிந்துகொள்வது!

பேச வைக்க ஒரு மாதத்துக்கு மேல் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஒரு நாள் சாப்பாட்டில் உப்பே போடவில்லை. மனிதர் அதைத் தட்டு வழித்துச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டார். பத்திரிகையின் நடுப்பக்கத்தை உருவி ஒளித்தாள், மீதியைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். டப்பாக்களின் மூடியெல்லாம் இடம் மாற்றி வைத்தாள். முன்பென்றால் கூரை பிய்ந்திருக்கும். அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, சரியானதை மூடிவிட்டு நகர்ந்தார்.

"உடம்புக்கு ஏதாவதுங்களா?"

"இல்ல."

"எங்கிட்ட கோவமா?"

"சேச்சே."

மகளிடம் ஃபோனில் புலம்பினாள். "அப்பா என்கிட்ட நல்லாத்தானே பேசறாரு" என்றாள் மகள். "நேத்துகூட அரைமணி நேரம் பேசினாரு. ஆனா எடுத்ததும், 'அம்மா பக்கத்துல இல்லியே'ன்னு ஒரு தடவை கேட்டுக்கிறாரும்மா. ஏன்?"

சித்திக்குச் சுருக்கென்றது. அடுப்பில் பால் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போகிற வழியில் அவளே பார்த்தாள். சைக்கிள் கடை வாசலில் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் காற்றில் பறக்கின்றன. ஏதோ ஒரு வாசல், ஏதோ ஒரு நாய். சைக்கிள்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். காற்றடிக்க வந்த இரண்டு பேர் போக மனமில்லாமல் நிற்கிறார்கள். அந்தக் கை அசைவு, கதையின் நடுவில் மூக்கைத் தடவிக்கொள்ளும் அந்தப் பழக்கம், எல்லாம் சலவைக்கடை மாடி மனிதரேதான். சித்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கிட்டே போனாள். அவர் அவளைப் பார்த்தார். கை மடியில் இறங்கியது. "சரி, வரட்டுமா" என்று எழுந்து வீட்டுப்பக்கம் நடந்தார். சைக்கிள்காரர் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கெல்லாம் உண்டு, எனக்கு இல்லை. நடுத்தெருவில் நின்று அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஐம்பத்தெட்டு வயசுக்கு மேல் அழுகிற இடமா அது?

கடையில் அக்கா மகன் வேறு ஒரு குண்டோடு காத்திருந்தான். "சித்தி, வருஷத் தள்ளுபடி வருது. அந்த முக்காலிக்கு ரெண்டாவது பாகம் போடறோம். இந்தத் தடவ சித்தப்பா குரல்தான். அந்த வரியை அவரே சொன்னா எப்பிடி இருக்கும்! அசல் எழுதினது இருக்கில்ல, அதைப் பாத்து வார்த்தைக்கு வார்த்தை வாங்கிடுங்க."

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தாள். போன தடவை வரியைப் பார்த்த அவசரத்தில் காகிதத்தைக் கவனிக்கவில்லை. அது நோட்டில் எழுதின வரியே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி வைத்திருந்தாள். பசை காய்ந்து ஓரம் எழும்பியிருந்தது. நகத்தால் நெம்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அச்சடித்த ஓர் எண். ஆஸ்பத்திரி டோக்கன்.

அது எந்த நாள் என்று அவளுக்கு உடனே விளங்கியது.

போன வருஷம் அவருக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை. சின்ன சிகிச்சைதான், பயமே வேண்டாம் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். பயப்படுகிறவருக்கு அது எங்கே கேட்கும்? பச்சைத் துணியைப் போர்த்தி, சக்கரக் கட்டிலில் படுக்க வைத்து, தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். சித்தி கூடவே நடந்தாள். கதவருகே கட்டில் ஒரு நிமிஷம் நின்றது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் திரும்பி வரலன்னா மேல் தட்டு டப்பாவை யார் எடுத்துக் குடுப்பா உனக்கு?" என்றார்.

அதைத்தான் அவள் எழுதினாள். முன்னால் இருந்த இரண்டு வார்த்தையை விட்டுவிட்டு எழுதினாள். இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தன்னாலே வெட்டிவிட்டது. வெட்டினது எழுதும்போதே தெரியவில்லை, ஒட்டும்போதும் தெரியவில்லை. அதைத்தான் ஒரு முக்காலியைக் காட்டி, "இனிமே யாரு வேணும்" என்று உலகமெல்லாம் கேட்டிருக்கிறாள்.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பாவி, நான் பாவி என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு அக்கா மகனைக் கூப்பிட்டாள்.

"அந்த முக்காலி வீடியோவை எடுத்துடுடா."

"எந்தக் கடையிலயாவது ஓடுற சரக்கை எடுப்பாங்களா சித்தி? என்னாச்சு?"

"எடுடான்னா எடு. உன் சித்தப்பா உசுருக்குப் பயந்து சொன்ன வார்த்தைடா அது."

அவன் கெட்டவன் அல்ல. "இப்பவே எடுத்துடறேன்" என்றான். "ஆனா சித்தி, நம்ம பக்கத்துலேருந்துதான் எடுக்க முடியும். போனது போனதுதான். எத்தன லட்சம் பேரு ஃபோன்ல கெடக்கோ. யானை வாயில போன கரும்பு."

அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். யாரும் தடுக்க முடியாதபடி கைமாறிப் போக வேண்டும் என்றுதானே ஆறு வருஷமாக எடுத்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. சித்தப்பா கூடத்தில் பழைய பத்திரிகையை விரித்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்று வருஷமாகிறது, நடக்க வாசல்கள் இல்லை, ஆனாலும் வாரம் ஒரு தடவை அது உண்டு. சித்தி எதிரே தரையில் உட்கார்ந்தாள். டோக்கனைப் பத்திரிகை மேல் வைத்தாள். அவர் பார்த்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நான் மறந்துட்டேங்க" என்றாள். "எங்க சொன்னீங்க, எதுக்குச் சொன்னீங்க, எல்லாம் மறந்துட்டேன். வரி மட்டும் இருந்துச்சு. எடுத்துப் போட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லக்கூட எனக்கு வாய் கூசுது."

அவர் பிரஷ்ஷை வைத்தார். "சைக்கிள் கடையில பத்துப் பேரு சேந்து பாத்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?"

"எங்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே. நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே."

"திட்டணும்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. நான் ஏதாவது ஆரம்பிச்சாப் போதும், உன் கண்ணு உடனே அந்த ஃப்ரிட்ஜ் மேல போவுது. உனக்கே தெரியாது. எனக்குத் தெரியும், ஆறு வருஷமாப் பாக்கிறேன். மூடி, டப்பா, அதெல்லாம் போகட்டும், நானும் ரசிச்சேன். எது போகலாம் எது போகக் கூடாதுன்னு நான் பேசும்போதே யோசிக்கணும்னா, எதுக்குப் பேசணும்? அதான் நிறுத்திட்டேன்."

சித்தி தலை நிமிரவில்லை. கண்ணீர் பத்திரிகையில் விழுந்து எழுத்தை ஊறவைத்தது.

"அழாத" என்றார் அவர். பிறகு டோக்கனைச் சுட்டினார். "இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சியா?"

"எது?"

"அன்னிக்கு நான் சொன்னது. இது பாதிதான். இதுக்கப்புறம் ஒண்ணு சொன்னேன். நீ நர்ஸ்கிட்ட பேனா வாங்கிக் குனிஞ்சு எழுதிட்டு இருந்த. அதுக்குள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க."

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. சுவரில் வைத்து எழுதினது, பேனா எழுதாமல் உதறினது, நல்ல வரி, விட்டுவிடக் கூடாது என்று நினைத்தது. நிமிர்ந்தபோது கதவு ஆடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் திரும்பி வராமலே போயிருந்தால், கடைசியாக அவர் சொன்னதைக் கேட்காமல் அதற்கு முந்தினதை எழுதிக்கொண்டிருந்தவளாக மிச்ச நாளைக் கழித்திருப்பாள்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"இப்ப கேட்டு என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். எனக்கு வேணும். சொல்லுங்க."

சித்தப்பா மூக்கைத் தடவிக்கொண்டார். "எத்தன விநாடி குடுப்ப?" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் கிண்டல். அவள் அழுகையும் சிரிப்புமாகப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். நேரே விஷயத்துக்கு வருகிற ஆளா அவர்? கட்டிலைத் தள்ளினவரின் செருப்புச் சத்தத்தில் தொடங்கினார். பக்கத்துப் படுக்கைக்காரர் முந்தின நாள் சொன்ன ஒரு சொப்பனத்துக்குப் போனார், அங்கிருந்து சலவைக்கடை மாடிக்கு ஏறினார், மகள் பிறந்த அன்றைக்குப் பெய்த மழையைக் கொஞ்சம் பேசினார். சித்தி எங்கேயும் குறுக்கே விழவில்லை. கை மடியில் கிடந்தது. வெயில் கூடத்தைக் கடந்து சுவரில் ஏறியது. ஷூ ஒன்று பளபளவென்றும் மற்றது அப்படியேயும் கிடந்தன. கடைசியில் கதவருகே வந்து சேர்ந்தார். அன்றைக்குச் சொன்னதைச் சொன்னார். அதைக் கேட்டு அவள் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அது என்னவென்று பிற்பாடு கேட்டவர்கள் உண்டு. மகள் கேட்டுப் பார்த்தாள், சைக்கிள்காரர்கூடச் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அக்கா மகன் கூப்பிட்டான். "சித்தி, எடுத்தாச்சு. சித்தப்பா எப்பிடி இருக்காரு? பேசினாரா?"

"பேசினார்டா."

"என்ன சொன்னாரு?"

"அது எனக்குச் சொன்னதுடா" என்றாள் சித்தி. ஃபோனை வைத்துவிட்டு வந்து மறுபடி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவர் இன்னும் பேசி முடித்திருக்கவில்லை.